அன்னா மலை: அஞ்சலட்டையில் இருக்கும் வட்டக் கல்மாடம் எங்கே?

பழைய அஞ்சலட்டையில் இருக்கும் வட்டக் கல்மாடம் போலந்திலுள்ள அன்னா மலையில் இப்போது காணவில்லையே, இடம் வேறா என்று கேட்டிருந்தீர்கள். அதே இடம்தான். நீங்கள் தேடும் வட்டக் கல்மாடம் நாஜி ஆட்சி 1930களில் கட்டியது. 1945-இல் அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். இப்போது அங்கே நிற்பது 1955-இல் திறந்த, போலந்துச் சிற்பி துனிகோவ்ஸ்கி வடித்த போலந்து எழுச்சி நினைவுச்சின்னம். 1921 மே மாதம் இந்த மலைக்காக நடந்த சண்டையை ஜெர்மனி, போலந்து ஆகிய இரு தரப்பும் தங்கள் தங்கள் கல்லில் எழுத நினைத்தன. அதனால்தான் இந்தக் குழப்பம்.

சரிபார்க்க, அட்டையில் கீழே பாருங்கள். பழைய கல் குவாரியில் அமைத்த திறந்தவெளி அரங்கம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். அது இன்றும் இருக்கிறது.

அப்புறம், ‘சங்க்ட் அன்னாபெர்க்’ என்ற ஜெர்மன் பெயரிலும் தேடுங்கள். ஆனால் வெறும் ‘அன்னாபெர்க்’ என்றால் ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்து நகரம் வந்து நிற்கும். நேரில் போனால் புனித அன்னா பேராலயத்தைத் தவறவிடாதீர்கள்; ஊரின் உயிர் அங்கேதான்.