மிகைபுனைவில் சிலுவை – கடிதம்

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாக ஒரு மிகைபுனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். சூரியன் உதிக்காமல் போன ஒரு நாடு. அதை ஆளும் மந்திரவாதி அரசன். மக்களை மீட்க மலைக்கு அப்பாலிருந்து ஓர் இளவரசன் வருகிறான். அவனுக்குப் பன்னிரண்டு தோழர்கள். ஒருவன் முப்பது காசுக்குக் காட்டிக்கொடுக்கிறான். இளவரசனைப் பட்ட மரத்தில் கட்டிக் கொல்கிறார்கள். மூன்றாம் நாள் எழுந்து வருகிறான், சூரியன் உதிக்கிறது. நான் கிறிஸ்தவள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிரதியை இரண்டு பேரிடம் கொடுத்தேன். சபையில் ஓர் அக்கா, "மந்திரம் மாயம் எல்லாம் கர்த்தருக்கு அருவருப்பு, உனக்கு எதற்கு இது?" என்றார். சபைக்குப் போகாத தோழி, "பிரசங்கம் மாதிரி இருக்கிறது, இருபதாம் பக்கத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது" என்றாள். விசுவாசத்தை ஒளித்துவைத்துத்தான் எழுத வேண்டுமா?

இன்னொன்று. இளவரசனின் உடலை ஆற்றுக்கு அக்கரையில் சேர்க்கும் ஒரு படகுக்காரக் கிழவி வந்தாள். கூலி வாங்க மாட்டேன் என்கிறாள். ஏன் என்று எனக்கே தெரியாததால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் தோழி. இருபதாம் பக்கத்தில் அவர் கையில் சாவி கிடைத்துவிட்டது. பன்னிரண்டு பேர், முப்பது காசு, பட்ட மரம். அதற்கப்புறம் அவர் படித்தது நாவலாக இருக்காது, விடைத்தாள் திருத்தியிருப்பார். இவன் யூதாஸ், சரி. இவன் பேதுரு, சரி. நானும் ஒரு காலத்தில் இப்படி ஒரு கதை எழுதினேன். அதில் வெள்ளை ஆட்டுக்குட்டி ஒன்று வரும். அந்த ஆட்டுக்குட்டி ஒருமுறைகூடப் புல் மேய்ந்ததில்லை என்பதை அச்சில் வந்த பிறகுதான் கவனித்தேன்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பொருளை ஒட்டி நடத்துவது உருவகக் கதை. அது ஒன்றும் தாழ்ந்த வடிவம் இல்லை. ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட மோட்சப் பிரயாணம் அப்படிப்பட்டதுதான். அதைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகத்தைக் காவியமாகப் பாடி 1894-ல் வெளியிட்டார். பனியனின் நூலில் பாத்திரத்தின் பெயரே அதன் பொருளைச் சொல்லிவிடும். ஒளிவுமறைவு கிடையாது. நீங்களோ நாவல் என்று கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு உருவகத்தைப் பரிமாறியிருக்கிறீர்கள். தோழிக்குக் கோபம் வந்தது நியாயம்தான்.

நார்னியா என்ற மாய உலகத்தைப் பற்றிய சிறுவர் கதைகளை எழுதிய சி.எஸ். லூயிஸ், அதில் செத்து மீண்டுவரும் தன் சிங்கத்தை உருவகம் என்று ஒப்புக்கொண்டதே இல்லை. நார்னியா போல ஓர் உலகம் இருந்து, அதை மீட்க இறைமகன் அங்கே வர நேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான் என்பார். வித்தியாசம் பெரிது. உருவகத்தில் விடை முன்பே தெரியும். 'வந்தால் என்ன ஆகும்' என்று கேட்டால் எழுதுகிறவருக்கே தெரியாது. அந்தக் கதைகள் அவருக்குள் தொடங்கியதும் வேதத்திலிருந்து அல்ல. பனிக்காட்டில் குடையும் பொட்டலங்களுமாக நடந்துபோகும் ஆட்டுக்கால் மனிதன் ஒருவனின் படம் பதினாறு வயதிலிருந்தே அவர் மனதில் இருந்தது. சிங்கம் பிற்பாடுதான் பாய்ந்து வந்தது. ஆரம்பத்தில் அதில் கிறிஸ்தவம் என்று எதுவும் இல்லை, அது தானாக உள்ளே நுழைந்துகொண்டது என்று அவரே எழுதியிருக்கிறார்.

அவருடைய நண்பர் டோல்கீனுக்கு நார்னியா பிடிக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். 1931 செப்டம்பரில் ஓர் இரவு ஆக்ஸ்ஃபோர்டில் நெடுநேரம் பேசி லூயிஸைக் கிறிஸ்துவின் பக்கம் திருப்பியவர்களில் ஒருவரே டோல்கீன்தான். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற தன் மோதிரக் கதையை அடிப்படையில் சமயம் சார்ந்த, கத்தோலிக்கப் படைப்பு என்று 1953-ல் ஓர் இயேசு சபை நண்பருக்கு எழுதினார். ஆனால் கதைக்குள் கோயிலும் வழிபாடும் ஏறக்குறைய இல்லை. வேண்டுமென்றே எடுத்துவிட்டார். மோதிரம் அழியும் நாள் மார்ச் 25. மரியாளுக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாள் அது. கிறிஸ்து சிலுவையில் இறந்ததும் அதே தேதியில்தான் என்பது பழைய மரபு. தெரிந்தவர் புன்னகைக்கலாம். தெரியாதவருக்கு எதுவும் குறைந்துபோவதில்லை. உங்கள் முப்பது காசு அப்படி இல்லை, சட்டையைப் பிடித்து நிறுத்துகிறது.

தேதியாவது அலங்காரம். விசுவாசம் உண்மையில் இருக்கும் இடம், தீய மோதிரத்தை எறிந்து அழிக்க வேண்டிய அந்த எரிமலை விளிம்பு. அவ்வளவு தூரம் மோதிரத்தைச் சுமந்து வந்தவன் கடைசி அடியில் தோற்றுப்போகிறான். எறிய மாட்டேன், இது என்னுடையது என்கிறான். அப்படியும் அது அழிவதற்குக் காரணம், கொன்றிருக்கக்கூடிய ஓர் அற்பப் பிராணியை வழியெல்லாம் இரக்கப்பட்டு உயிரோடு விட்டிருந்தது. அந்தப் பிராணிதான் மோதிரத்தைப் பிடுங்கிக்கொண்டு நெருப்பில் விழுகிறது. இந்த இடத்தை ஒரு கடிதத்தில் விளக்கும்போது டோல்கீன் பரமண்டல ஜெபத்தைத்தான் துணைக்கு அழைக்கிறார். சிலுவை கண்ணில் படாத இந்தக் காட்சியில் கிருபை என்ற சொல்லுக்கு உள்ள முழுக் கனமும் இருக்கிறது. உங்கள் நாவலில் இரக்கத்தால் ஏதாவது நடக்கிறதா? கடிதத்தைப் படித்தவரை எல்லாம் இளவரசனின் வீரத்தால்தான் நடக்கிறது.

இப்போது அக்கா. அவரைத் தள்ளிவிடாதீர்கள். வேதத்தில் உபாகமம் 18-ல் மந்திரத்துக்கு உள்ள தடை தெளிவானது. ஆனால் வேதமே மந்திரவாதிகளைக் கதைக்குள் கொண்டுவருகிறது, ஆரோனின் கோல் பார்வோனின் மந்திரவாதிகளுடைய கோல்களை விழுங்குவதுபோல. எனக்குப் பிடித்தவன் அப்போஸ்தலர் நடபடிகள் 8-ல் வரும் சமாரியா சீமோன். பேதுருவும் யோவானும் கைவைத்தால் பரிசுத்த ஆவி இறங்குவதைப் பார்க்கிறான், உடனே பணத்தை எடுத்து நீட்டி அந்த அதிகாரத்தை எனக்கும் தாருங்கள் என்கிறான். மந்திரம் என்பது என்ன என்று இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை. விலை கொடுத்து வாங்கலாம், கைக்குள் வைத்து ஏவலாம் என்று நினைக்கிற சக்தி. எதிர்ப்பக்கத்தில் கேட்காமல் வருகிற, ஏவ முடியாத கொடை. உங்கள் அரசன் எந்தப் பக்கம் என்று தெரிகிறது. இளவரசன்? அவனும் கையை உயர்த்தி ஒளியை ஏவுகிறான் என்றால், இரண்டு மந்திரவாதிகளில் நல்லவன் ஜெயித்தான் என்பதுதான் கதை. அக்காவின் சங்கடம் நீங்கள் நினைத்ததைவிட ஆழமான இடத்தைத் தொட்டிருக்கலாம்.

ஒளித்துவைப்பதா என்று கேட்டீர்கள். பிறன் மனைவியான பத்சேபாளை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் தீர்க்கதரிசி நாத்தான் என்ன செய்தார் பாருங்கள். ஒரே ஓர் ஆட்டுக்குட்டி வைத்திருந்த ஏழையின் கதையைச் சொன்னார், அதை ஓர் ஐசுவரியவான் பறித்துக்கொண்டான் என்றார். ராஜாவுக்குக் கோபம் வந்தது, அந்த ஐசுவரியவான் சாக வேண்டும் என்று தீர்ப்பும் சொன்னார். அப்புறம்தான் "நீயே அந்த மனுஷன்". பத்சேபாளின் பெயரோடு தொடங்கியிருந்தால் தாவீது கதவைச் சாத்தியிருப்பார். (அந்த ஆட்டுக்குட்டி ஏழையின் வாயப்பத்தைத் தின்றது, அவன் மடியில் படுத்தது. என்னுடையதைப் போல சும்மா நிற்கவில்லை.)

கடைசியாக மூன்றாம் நாள். என் பெரிய மனத்தாங்கல் இங்கேதான். உங்கள் இளவரசன் செத்தபோது யாராவது அழுதார்களா? எழுதும் உங்களுக்கு முடிவு தெரியும், அதனால் தோழர்களுக்கும் எப்படியோ தெரிந்துவிடுகிறது, ஏதோ பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி காத்திருக்கிறார்கள். லூக்கா 24-ல் எம்மாவுக்கு நடந்துபோகும் இரண்டு பேரைப் பாருங்கள். கூட நடக்கும் அந்நியரிடம், சிலுவையில் செத்த இயேசுவே இஸ்ரவேலை மீட்பவர் என்று "நம்பியிருந்தோம்" என்கிறார்கள். நம்புகிறோம் என்று இல்லை, நம்பியிருந்தோம். சொல்லிக்கொண்டிருப்பது அந்த இயேசுவிடமே. அப்பம் பிட்கும்வரை ஆளைத் தெரியவில்லை. பொழுது சாய்ந்ததும், உள்ளே வந்து தங்கும்படி வற்புறுத்தியதும், பிட்ட அப்பமும் எல்லாம் வெறும் மாலை, வெறும் சாப்பாடு. அதனால்தான் அந்த இடம் இன்னும் உடம்பைச் சிலிர்க்கவைக்கிறது.

எழுந்தவர் காயங்களோடு எழுந்தார் என்பதையும் மறக்க வேண்டாம். தோமாவிடம் காட்டியது ஒளியை அல்ல, கையில் ஆணி இறங்கிய இடத்தை. மிகைபுனைவில் செத்துப் பிழைத்துவரும் நாயகர்கள் பெரும்பாலும் முன்னைவிடப் பளபளப்பாக வருகிறார்கள். உங்கள் இளவரசன் மணிக்கட்டில் கயிற்றுத் தடம் இருக்கிறதா?

படகுக்காரக் கிழவியை ஏன் எடுத்தீர்கள்? பன்னிரண்டு பேரில் நால்வரைக்கூட எடுத்துவிடலாம், யாரும் தேட மாட்டார்கள். உங்கள் நாவலில் மூன்றாம் நாளைப் பற்றி எதுவும் தெரியாத ஒரே ஆள் அவள். அவளைப் பொறுத்தவரை படகில் கிடப்பது பிணம். இருட்டு நாட்டில் ஓர் ஆறு, தெரியாத ஒருவனின் கனம், துடுப்புச் சத்தம். அந்த அத்தியாயத்தை முதலாவதாக வைத்துத் திரும்ப எழுதிப் பாருங்கள். கூலியை அவள் ஏன் மறுத்தாள் என்று தெரியவந்தால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.