ஊமைக்கட்டை

அன்புள்ள அக்காவுக்கு,

திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். போன கிழமை இரவு டச்சுக்குடாக் கடற்கரையில் இருந்துகொண்டு போனில் வேறெதையோ தேடப்போய், சிபெலியஸ் என்பவரின் 'பின்லாந்தியா' அகப்பட்டது. எட்டு நிமிடம். முடியும்போது கண் கலங்கிவிட்டது. பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. பின்லாந்து எங்கே, நான் எங்கே? பனியைக்கூட நான் கண்டதில்லை. ஒரு சொல்லும் இல்லாத வாத்திய இசை ஒரு நாட்டின் விடுதலையைச் சொல்லும் என்பது உண்மையா? அல்லது வீடியோவுக்குக் கீழே 'இது விடுதலை இசை' என்று போட்டிருந்ததை வாசித்துவிட்டுத்தான் அழுதேனா?

இன்னொன்று. எங்களிடம் ஏன் இப்படி ஒன்று இல்லை? இருப்பதெல்லாம் ஒப்பாரியும் கோயில் மேளமும்தான். நாதஸ்வரத்தையும் தவிலையும் வைத்துக் கல்யாணம் நடத்தலாம். ஒரு சனத்தின் போராட்டத்தைச் சொல்ல முடியுமா? அதற்கு எண்பது பேர் கொண்ட ஓர்கெஸ்ட்ரா வேண்டாமா? இளையராஜாவின் சிம்பொனியை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா? பின்லாந்தியாவின் எந்த ஒலிப்பதிவு நல்லது என்றும் சொல்லுங்கள்.

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

பெயர் போடவில்லை. கடிதங்களுக்கு ஒரு மாதம் ஆறப்போட்டுத்தான் பதில் எழுதுவது என் வழக்கம். இதற்கு அன்றிரவே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நீங்கள் இல்லை, ஒரு ட்ரம்பெட். எங்கள் வீட்டு மதிலுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட மைதானம். ஜனவரி முழுக்கப் பிள்ளைகள் சுதந்திர தினத்துக்கு பாண்ட் பழகினார்கள். ட்ரம்பெட் ஊதும் ஒரு பிள்ளைக்கு மேல் சுரம் எட்டாது. ஒவ்வொரு நாளும் தேசிய கீதத்தில் அதே இடத்தில் சறுக்குவான். அந்த இடம் வரும் நேரம் நான் கிணற்றடியில் வாளியைப் பிடித்தபடி நின்றுவிடுவேன். அந்த நிற்பைப் பற்றி எதையோ எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

சின்னக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். எந்த ஒலிப்பதிவு? எதுவானாலும் சரி, போனில் மட்டும் வேண்டாம். தொடக்கத்தில் உறுமுவது ட்ரொம்போனும் டியூபாவும் ஹோர்னும். போன் ஸ்பீக்கரில் அந்த உறுமல் நுளம்புச் சத்தமாகத்தான் வரும். இளையராஜா 2025 மார்ச்சில் லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார், நல்லது. அதற்குள் நாட்டைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். மனுசன் தன் ஆசைக்கு எழுதியதை நீங்கள் எங்கள் தலையில் கட்டுகிறீர்கள்.

அடுத்தது நாதஸ்வரம். அந்த வரியை எழுதிய கையில் அடிமட்டத்தால் ஒன்று போடவேண்டும்போல் இருந்தது. கோணேசர் நகர்வலத்துக்கு வெளிக்கிடும்போது மேளகாரர் வாசிக்கும் மல்லாரியை நின்று கேட்டிருக்கிறீர்களா, அல்லது கடலை வாங்கிக்கொண்டு நின்றீர்களா? கம்பீர நாட்டை ராகம். சாகித்தியம் கிடையாது, பெயருக்கு ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனால் அது தொடங்கினால் சைக்கிளில் போகிறவனும் காலை ஊன்றி இறங்குவான். சுவாமி வெளிக்கிடுகிறார் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. அதற்கு எண்பது பேர் தேவைப்படவில்லை. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம், ஒரு சுருதிப்பெட்டி.

இதையே ஒரு பின்லாந்துக்காரருக்குப் போட்டுக் காட்டினால் அவருக்குச் சுவாமி தெரியுமா? தெரியாது. கீழே எழுதித்தான் காட்டவேண்டும். ஆகவே வீடியோவுக்குக் கீழே இருந்ததை வாசித்துவிட்டு அழுததற்கு வெட்கப்படாதீர்கள். பின்லாந்துக்காரருக்கும் அப்படித்தான் காட்டினார்கள். அது மேடைக்கு வந்தபோது தனி இசையாக வரவில்லை. 1899 பெப்ரவரியில் ரஷ்யச் சக்கரவர்த்தி பின்லாந்தின் சுயாட்சியைக் குறைத்து ஒரு பிரகடனம் விடுத்தார். ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்ட மனுவை அவர் வாங்கவே மறுத்தார். பத்திரிகைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்த நவம்பரில் ஹெல்சிங்கியில் ஒரு விழா. பெயரளவில் அது பத்திரிகையாளரின் ஓய்வூதிய நிதிக்குக் காசு சேர்க்கும் விழா. மேடையில் ஆட்கள் அசையாமல் நின்று நாட்டின் வரலாற்றைக் காட்சி காட்சியாகக் காட்ட, சிபெலியஸின் இசை பின்னணியில் போனது. கடைசிக் காட்சி 'பின்லாந்து விழிக்கிறது'. அதில் பெரியவர்களோடு நாட்டின் முதலாவது நீராவி ரயில் இயந்திரத்துக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். அந்தக் கடைசிக் காட்சியின் இசைதான் அடுத்த வருடம் திருத்தப்பட்டு நீங்கள் கேட்ட பின்லாந்தியா ஆனது. ரயிலைப் பார்த்துக்கொண்டு அழுத சனம் அது. நீங்கள் வீடியோக் குறிப்பைப் பார்த்து அழுதால் என்ன?

ஆனால் எனக்கு முக்கியம் அதற்குப் பிறகு நடந்தது. 1900இல் கஜானுஸ் என்ற நடத்துநர் ஓர்கெஸ்ட்ராவைப் பாரிஸ் உலகக் கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது அதற்குப் பெயர் 'தாய்நாடு'. ரஷ்ய ஆட்சிக்குள்ளிருந்த ரிகாவிலும் ரேவலிலும் (இன்றைய தாலின்) சிபெலியஸே நடத்தியபோது 'இம்ப்ராம்ப்டு'. அதாவது 'சும்மா, அந்தந்த நேரத்தில் தோன்றியது'. எவ்வளவு அப்பாவித்தனமான பெயர் பாருங்கள்! தணிக்கைக்காரனுக்கு அடிக்க ஒரு சொல் வேண்டும். தலைப்பை மாற்றிவிட்டால் அவன் கையில் மிஞ்சுவது சுரங்கள்தான். சுரத்தை எப்படி அடித்து அழிப்பது? 'இந்த மத்திமம் அரசுக்கு விரோதமானது' என்று எந்த அதிகாரி எழுதுவான்?

நீங்கள் குறையாகச் சொன்ன விசயம்தான் அதன் பலம், தம்பி. 'சொல்லே இல்லையே' என்கிறீர்கள். சொல் இல்லாததால்தான் அது தப்பியது. நடுவில் வரும் அந்த அமைதியான மெட்டுக்கு இன்று பின்லாந்தில் பாடப்படும் வரிகளைக் கொஸ்கென்னியெமி என்ற கவிஞர் எழுதியது 1940களின் தொடக்கத்தில். அப்போது நாடு சுதந்திரமடைந்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. தேவைப்பட்ட காலமெல்லாம் அது வாய் திறக்காமலேயே இருந்தது. இவ்வளவுக்கும் பின்லாந்தின் தேசிய கீதம் அது இல்லை. தேசிய கீதத்தின் மெட்டு பாசியுஸ் என்ற ஜெர்மன்காரர் போட்டது, அதே மெட்டுதான் எஸ்தோனியாவுக்கும்.

எங்கள் தேசிய கீதத்துக்கு வருகிறேன். 1961இல் 'நமோ நமோ' என்ற தொடக்கம் நாட்டுக்குக் கூடாது, எழுத்துப் பொருத்தம் சரியில்லை என்று சொல்லி, எழுதிய ஆனந்த சமரக்கோனின் சம்மதம் இல்லாமலே வரியை மாற்றினார்கள். அடுத்த வருடம் அந்த மனுசன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தமிழில் பாடலாமா கூடாதா என்ற சண்டை இன்னொரு பக்கம். 2016இல் பல தசாப்தத்துக்குப் பிறகு கொழும்பு விழாவில் தமிழிலும் பாடினார்கள். 2020இல் விட்டுவிட்டார்கள். இத்தனை இழுபறியிலும் மெட்டில் ஒருவரும் கைவைக்கவில்லை. அதனால்தான் ஜனவரி முழுக்க அந்த ட்ரம்பெட் பிள்ளை என்னைக் கிணற்றடியில் நிறுத்தினான். பாண்ட் மட்டும் வாசிக்கும்போது மைதானத்தைச் சுற்றி நிற்கிறவர்களில் யார் மனதுக்குள் எந்த மொழியில் பாடுகிறார்கள், யார் பாடாமல் பல்லைக் கடிக்கிறார்கள் என்று எந்த அதிகாரியாலும் கண்டுபிடிக்க முடியாது. நான் எதைப் பாடினேன் என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

அப்பா டொக்யார்ட்டில் ஃபிட்டர். 1948இல் சுதந்திரம் கொழும்புக்குத்தான் வந்தது, எங்கள் துறைமுகத்துக்கு வரவில்லை என்று சொல்லிச் சிரிப்பார். பகிடியில்லை. ஆங்கிலேயக் கடற்படை தளத்தைக் கையளித்தது 1957 ஒக்டோபரில். சிபெலியஸ் செத்தது அதற்கு முந்திய மாதம். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தும் எனக்கு அதைச் சொல்லப் பிடிக்கும். அப்பாவுக்குச் சிபெலியஸைத் தெரியாது. பொழுதுபடக் கொடி இறக்கும்போது உவர்மலை வரைக்கும் கேட்கும் பியூகிளைத்தான் தெரியும். கையளித்த பிறகு ஊதியது எங்கட ஆள், ஊதியது அதே மெட்டு என்பார். அதைப் பெருமையாகச் சொல்கிறாரா நக்கலாகச் சொல்கிறாரா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் பின்லாந்தியாவை முதலில் கேட்டது ஒரு செத்தவீட்டில். தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் படிப்பித்த டீச்சரின் மகன். எப்படிச் செத்தான் என்று எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை. பெட்டியைத் திறக்கவில்லை. நாங்கள் சைவக்காரர், தேவாலயத்துக்குள் எங்கே இருப்பது, எப்போது எழும்புவது என்று தெரியாமல் அம்மாவும் நானும் நடு வாங்கில் ஒடுங்கிப்போய் இருந்தோம். கடைசி வாங்கில் இரண்டு பேர். ஊரில் ஒருவருக்கும் அவர்களைத் தெரியாது. ஒருவன் மடியில் ஒரு சின்னக் கொப்பி.

போதகர் பாட்டு நம்பரைச் சொன்னார். ஒரு வாயும் திறக்கவில்லை. சாதாரண ஆறுதல் பாட்டு. ஆனால் பாடினால் யாருக்காகப் பாடினோம் என்று கொப்பியில் ஏறிவிடுமோ என்று பயம். அந்தக் காலத்தில் பயத்துக்குக் கணக்குக் கேட்க மாட்டோம். காலால் மிதிக்கும் பழைய ஆர்மோனியம் ஒன்று மூலையில் இருந்தது. அதில் இருந்த கிழவர் முதல் அடி முழுக்க எங்களுக்காகக் காத்துக்கொண்டு வாசித்தார். பிறகு திரும்பி ஒருமுறை பார்த்தார். பிறகு தனியாகவே வாசிக்கத் தொடங்கினார். அதே பாட்டை நாலு தரம்.

மெட்டு உங்களுக்குத் தெரியும், பின்லாந்தியாவின் அந்த நடு மெட்டுத்தான்: க ரி க ம, க ரி க ஸ, ரி ரி க. நாலே நாலு சுரம். குழந்தைக்கும் வரும். இதைச் சனம் நாட்டுப்புற மெட்டு என்றே நினைத்துக்கொண்டிருக்க, 'இல்லை, நான் போட்டது' என்று சிபெலியஸ் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. முதல் துண்டில் மெட்டு ஏறிப்போய் நின்று மூச்சு வாங்கும் இடம் அந்த 'ம', மத்திமம். எங்கள் ஆர்மோனியத்தில் அந்தக் கட்டை ஊமை. கிழவர் அதைத் தாண்டிப் போகவில்லை. விரலை வைத்து, முழு நேரமும் அழுத்திப் பிடித்தார். சுரம் வரவில்லை, துருத்தியின் காற்று மட்டும் 'புஸ்' என்று வந்தது. மிதி கிரீச் என்றது. க ரி க… புஸ். நாலு தரமும். மூன்றாவது தரம் அந்த இடம் வந்தபோது டீச்சர் வாய் திறக்காமல், மூக்கால், அந்த மத்திமத்தை மட்டும் பிடித்தா. பிறகு முன் வாங்கில் இன்னொருவர். நாலாவது தரம் தேவாலயம் முழுக்க அந்த ஒரு சுரம் மட்டும் முனகியது. கொப்பிக்காரன் பேனாவைப் பிடித்தபடி இருந்தான். எதை எழுதுவான், பாவம்?

அது பின்லாந்தியா என்று எனக்கு 2002இல்தான் தெரிந்தது. சமாதான காலம். பாதை திறந்து, கொழும்பில் ஒரு சிநேகிதி வீட்டில் நின்றபோது சிடியில் போட்டாள். உறுமல் போய், அடிதடி போய், ஓபோவும் கிளாரினெட்டும் மெல்ல எடுத்தன. க ரி க… நான் ஓட்டைக்காகக் காத்திருந்தேன். மத்திமம் வந்தது, நிறைந்த, சுத்தமான மத்திமம். எனக்கு அழுகை வரவில்லை, தம்பி, கோபம் வந்தது. யாரைக் கேட்டு இந்த இடத்தை நிரப்பினார்கள் என்று.

இனி, ஒரு எச்சரிக்கை. இந்த மெட்டு கிடைத்தால் நாடு கிடைக்கும் என்று கற்பனை பண்ணாதீர்கள். 1967இல் பியாப்ரா நைஜீரியாவிலிருந்து பிரிந்தபோது இதே மெட்டுக்கு வரி எழுதித் தேசிய கீதமாக வைத்தது. 1970 ஜனவரியில் அந்த நாடு இல்லை. பின்லாந்துக்கும் 1917 டிசம்பரில் சுதந்திரம் வந்தது, அடுத்த மாதமே உள்நாட்டுப் போர். 35,000 பேருக்கு மேல் செத்தார்கள். சுட்டவனுக்கும் விழுந்தவனுக்கும் இந்த மெட்டுத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். செக் நாட்டுக்காரர் ஸ்மெத்தானா காது கேட்காமல் போன அதே 1874இல் தங்கள் ஆற்றுக்கு ஓர்கெஸ்ட்ரா இசை எழுதினார். அதன் மெட்டு பழைய இத்தாலிய மெட்டொன்றின் வழியில் வந்தது, இஸ்ரேலின் தேசிய கீதமும் அதே குடும்பம். எங்களுக்கும் ஆறு இருக்கிறது. மகாவலி கொட்டியாரக் குடாவில்தான் கடலில் விழுகிறது. அதற்கு இசை எழுதுங்கள் என்றால், யாருடைய ஆறு என்று முதலில் ஒரு கூட்டம் வைப்போம்.

கிழவரை நான் 2003இல் தேடிப்போய்ப் பார்த்தேன். காது மந்தம். அந்த நாளைச் சொன்னேன், அழகாகத்தான் சொன்னேன்: நாலு தரம், ஊமை மத்திமம், டீச்சர், கொப்பி. சிபெலியஸையும் சொன்னேன். அவருக்குப் பின்லாந்து எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. ஏன் அந்தப் பாட்டைத் தெரிந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுச் சொன்னார்:

"அந்தப் பெட்டியில அஞ்சு கட்டை ஊமை பிள்ளை. போதகர் முதல் சொன்ன பாட்டுக்கு மூண்டு கட்டை தட்டுப்படும். இதுக்கு ஒண்டுதான்."

அன்புடன்,
அக்கா