சுவரை இடிப்பதற்கு முன் கூரைக்குள் ஏறிப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் இருக்கிறோம். மாமா 1978 இல் கட்டிய கல்வீடு. முன் விறாந்தை, ஹோல், மூன்று அறைகள். குசினி பின்பக்கம் பத்தடி தள்ளித் தனியாக நிற்கிறது. 2008 இல் போரால் இடம்பெயர்ந்து 2011 இல் திரும்பி வந்தபோது சுவர் மட்டும்தான் நின்றது. கூரைக்குச் சீற் போட்டுக் குடியிருக்கிறோம். கனடாவிலிருக்கும் தம்பி, ஹோலுக்கும் பின்னறைக்கும் நடுவிலுள்ள சுவரை இடித்து, குசினியை உள்ளே எடுத்து, எல்லாவற்றையும் ஒரே திறந்த வெளியாகச் செய்யச் சொல்கிறான். மாமிக்கு 74 வயது. விறகடுப்பை விடமாட்டா. என்ன செய்யலாம்?

பதில்: தம்பியின் ஆசையில் பிழை இல்லை. ஆனால் அவர் இருக்கும் ஊரில் அடுப்புச் சூடு வீட்டுக்குள் நின்றால் நல்லது. இங்கே சித்திரை வெயிலில் அதே சூடும், செத்தல் மிளகாய் வறுக்கும் நெடியும் ஹோலுக்குள் வந்தால் அன்றைக்கே சுவரைத் திரும்பக் கட்டச் சொல்வீர்கள். பழைய ஆட்கள் குசினியைத் தள்ளிக் கட்டியது காரணத்தோடுதான்.

அதனால் என் யோசனை வேறு. விறகுக் குசினி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பின்னறையைக் காஸ் குசினி ஆக்குங்கள். இரண்டுக்கும் நடுவில் வெயில் காயும் அந்தப் பத்தடியை மூடிப் பின்விறாந்தை ஆக்குங்கள். வன்னி வீடுகளில் ஆட்கள் உண்மையில் இருந்து கதைப்பது பின்பக்கம்தான். முன் ஹோலில் கதிரைகள்தான் இருக்கும்.

சுவருக்கு வருவோம். அந்தக் காலத்து ஒன்பது அங்குலச் சுவர் பெரும்பாலும் பாரம் தாங்கும் சுவர். ஏணி வைத்து மேலே ஏறிப் பாருங்கள். கூரையைத் தாங்கும் மரங்களான முகட்டு வளையோ தீராந்தியோ அந்தச் சுவரில் குந்தியிருந்தால் அதை முழுதாக இடிக்கும் கதையை விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுச் சுவருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. கூரையில்லாமல் இரண்டு மூன்று மாரி நனைந்தது அது. மேல்வரிக் கற்களின் சாந்து கரைந்திருக்கலாம். ஷெல் துண்டு பட்ட ஓட்டைகளை அவசரத்தில் பூசி மறைத்தும் இருப்பீர்கள். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டொக்’கென்று வெறுமையாகக் கேட்கும் இடத்தில் பூச்சு விட்டிருக்கிறது. அதைக் கொத்தி உள்ளே பார்க்க வேண்டும். வெடிப்பு இருந்தால் அதன் குறுக்கே விரலகலத்துக்குச் சீமெந்துப் பசை தடவி, காய்ந்ததும் பென்சிலால் திகதி எழுதி விடுங்கள். கோடையும் மாரியும் போன பிறகும் பசை பிளக்காமல் இருந்தால் அது பழைய வெடிப்பு. பிளந்தால் சுவர் இன்னும் அசைகிறது, அத்திவாரமும் காரணமாக இருக்கலாம். அப்போது மேசனை அல்ல, ஒரு பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

சுவர் நல்லதென்றால் நடுவில் ஐந்தடி அகலத்துக்கு ஒரு வாசல் திறக்கலாம். ஹோலில் இருக்கும் பிள்ளை குசினியில் நிற்பவரின் முகத்தைப் பார்க்க அது போதும். முதலில் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, பிறகுதான் வெட்ட வேண்டும். வாசலுக்கு மேலே பாரம் தாங்கப் போடும் கொங்கிறீற் குறுக்குவிட்டம், அதாவது லின்ரல், இரண்டு பக்கச் சுவரிலும் ஒன்பது அங்குலமாவது உட்கார வேண்டும். நாலாம் நாளே அந்த முட்டுகளை எடுக்கும் மேசன்மார் இருக்கிறார்கள். நான் என்றால் 21 நாள் விடச் சொல்வேன்.

விறகுக் குசினி எந்த மூலையில் என்று நீங்கள் எழுதவில்லை. தென்கிழக்கு என்றால் அதிர்ஷ்டம். அக்கினி மூலை என்று சாத்திரம் சொல்வதை நம்பினாலும் நம்பாவிட்டாலும், நம் பக்கத்துக் காற்று அதற்குச் சாட்சி. கோடையில் சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும், மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து. தென்கிழக்கு மூலைப் புகையை இரண்டு காற்றும் வீட்டுக்குப் பக்கவாட்டாகவே கொண்டுபோகும். வேறு மூலை என்றால் புகைக்கூடு இன்னும் முக்கியம். அதை வீட்டு முகட்டைவிட இரண்டடியாவது உயர்த்துங்கள். குட்டையாக விட்டால் பெரிய கூரையில் மோதித் திரும்பும் காற்று புகையை அடுப்படிக்கே தள்ளும். கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் அதில் கிறைண்டர் வைத்து ஓட்டை வெட்டாதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கூடாது. அந்த ஒரு சீற்றைக் கழற்றிவிட்டுத் தகரம் போட்டு, அதனூடாகக் குழாயை எடுங்கள்.

விறகடுப்பு எதற்கு என்று தம்பி கேட்டால் 2022 ஐ ஞாபகப்படுத்துங்கள். காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற அந்த மாதங்களில், அடுப்படியை இடித்து நவீன ‘பன்ரி’க் குசினி கட்டியவர்கள் முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமைத்தார்கள். தவிர, நெல் அவிக்கும் கிடாரத்தைக் காஸ் அடுப்பில் ஏற்ற முடியுமா?

விறகுக் குசினியின் தரை வழக்கமாக ஒரு படி இறக்கமாக இருக்கும். அந்தப் படியில்தான் வயதானவர்கள் விழுகிறார்கள். ஆறு அங்குல இறக்கத்துக்கு ஆறடி நீளச் சாய்வு போதும், உங்களிடம் பத்தடி இருக்கிறது. பளபளக்கும் ரைல்ஸ் அங்கே வேண்டாம், சொரசொரப்பான சீமெந்துத் தரையே நல்லது. விறாந்தைக்குக் கூரை போட்டதும் ஹோல் இன்னும் இருட்டாகும். நடுவில் ஓர் இடத்தில் ஒளி விடும் சீற் போட மறக்காதீர்கள்.

காஸ் குசினியில் மேடையின் உயரத்தை மேசனிடம் விட்டுவிடாதீர்கள். அவர் பழக்கதோஷத்தில் 36 அங்குலம் வைப்பார். சமைப்பவர் செருப்புப் போடாமல் நின்று முழங்கையை மடிக்கட்டும். அந்த முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழேதான் மேடை. ஐந்தடி உயரமானவருக்கு 32, 33 வரும். மாமி திருவலையில் இருந்து தேங்காய் திருவ, சுளகு வைத்துப் புடைக்க, வாசலோரம் ஐந்தடிக்கு ஐந்தடி வெறும் தரையாக விடுங்கள். படம் கீறிக் கொடுப்பவர்கள் இந்த இடத்தைத்தான் முதலில் விழுங்குவார்கள்.

காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே யன்னல் மட்டும் போதாது. வெளிச்சுவரில் தரைமட்டத்திலும் ஒரு காற்றுத்துளை வேண்டும், எலி வராமல் வலை அடித்து. கபேட்டுக்கு அமுக்கிய மரத்தூள் பலகை போட்டால் நம்முடைய கறையானுக்கு விருந்து. மேடைக்குக் கீழே சீமெந்துத் தட்டு, அலுமினியக் கதவு. அழகு கொஞ்சம் குறைவுதான், ஆனால் நிற்கும்.

சிங்கின் கழிவுநீரை வாழையடிக்கு விடுங்கள், கிணற்றுப் பக்கம் வேண்டாம். கான் வெட்டும்போது மண்ணுக்குள் சந்தேகமான இரும்பு எதுவும் தென்பட்டால், அது வெடிக்காத குண்டாக இருக்கலாம், மண்வெட்டியை அப்படியே வைத்துவிட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கள். முப்பது முறை கிண்டிய வளவென்றாலும்தான்.

தொடங்கும் முன் பின்னறைத் தரையில் சோக்கால் மேடை, சிங், பிறிட்ஜ் எல்லாவற்றையும் உண்மையான அளவில் கீறி, ஒரு கிழமை அதற்குள் நடந்து பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பிறிட்ஜ் கதவு திறந்தால் வாசல் அடைபடும் என்பதை அந்தக் கோடுதான் காட்டியது. ஐப்பசியில் மழை பிடித்துவிடும். கூரையும் புகைக்கூடும் ஆவணிக்குள் முடியட்டும், உள்வேலையை மழைக்குள்ளும் செய்யலாம். தம்பி முதலில் ரைல்ஸுக்கு அனுப்பினாலும், அந்தக் காசை லின்ரலுக்கு எடுங்கள்.