கூறு விலைக்கு சாஃப்ட்வேர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) நடத்துகிறோம். அலுவலகத்தில் 40 பேர். மெயில், எக்செல், வீடியோ மீட்டிங் மூன்றும் சேர்ந்த பண்டிலை 30 சதவீதத் தள்ளுபடியில் தருவதாகவும், ஜூன் 30-க்குள் ஆர்டர் போட வேண்டும் என்றும் டீலர் சொல்கிறார். வாங்கலாமா?

குளச்சலில் மீனைக் கூறு வைத்து விற்பார்களே, அதே கணக்குதான். கூறு மலிவுதான், அதில் உங்களுக்கு வேண்டிய மீன் எத்தனை என்று பாருங்கள்.

ஆளுக்கு ஆண்டுக்கு மெயில் 1,000, எக்செல் 600, மீட்டிங் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பண்டில் விலை 1,400. 40 பேருக்கு 56,000. ஆனால் எக்செல் தேவைப்படுவது கணக்கு, ஏற்றுமதிப் பிரிவுகளில் 15 பேருக்கு; மீட்டிங் 5 பேருக்கு. வெறும் 10 சதவீதம் தள்ளி உதிரியாக வாங்கினாலும் 36,000 + 8,100 + 1,800 = 45,900தான். பெரிய தள்ளுபடியில் 10,100 ரூபாய் கூடுதலாகப் போகிறது! 18 சதவீத ஜி.எஸ்.டி. இரண்டுக்கும் உண்டு; வரிக்கு முந்தைய விலையை ஒப்பிட்டால் போதும்.

ஜூன் 30, எக்செல் தயாரிக்கும் மைக்ரோசாஃப்டின் நிதியாண்டு முடிவு. மற்ற சாஃப்ட்வேர் நிறுவனங்களில் ஆரக்கிளுக்கு மே 31, சேல்ஸ்ஃபோர்ஸுக்கு ஜனவரி 31. டார்கெட் முடிக்கும் அவசரம் விற்பவருடையது. இரண்டு மாதம் முன்பே பேச்சைத் தொடங்கினால் அந்த அவசரம் உங்களுக்கு உதவும். கடைசி வாரத்தில் தொடங்கினால் உங்களையே நெருக்கும்.

கொட்டேஷனில் மொத்த விலை மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். ஒவ்வொரு பொருளின் விலையும் தனித்தனி வரியில் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை மீட்டிங்கை நீக்கும்போது, பண்டில் உடைந்துவிட்டது என்று மற்ற இரண்டின் தள்ளுபடியையும் எடுத்துவிடுவார்கள். ஆரக்கிளில் இது எழுதப்பட்ட விதி: ஆண்டு சப்போர்ட் கட்டணம் லைசென்ஸ் வாங்கிய விலையில் 22 சதவீதம், பாதி லைசென்ஸைக் கைவிட்டால் மீதிக்கு விலையைத் திருத்திப் போடுவார்கள், பில் பாதியாகக் குறையாது. ரினியூவலில் அதிகபட்சம் இத்தனை சதவீதம்தான் ஏற்றலாம் என்ற வரியையும் ஆர்டருக்கு முன்பே எழுதி வாங்குங்கள். கையெழுத்துக்குப் பிறகு கேட்டால் கிடைக்காது.

கேள்வி: நாகர்கோவில் மருத்துவமனை ஒன்றில் மைக்ரோசாஃப்ட் 365 ஆண்டு சந்தா எடுத்தோம். சிலர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா?

வாங்கிய அல்லது புதுப்பித்த முதல் 7 நாளுக்குள் மட்டும். அதன் பிறகு கூட்டலாம், குறைக்க முடியாது. காலியான லைசென்ஸைப் புதிதாகச் சேர்பவருக்கு மாற்றிக் கொடுங்கள். ரினியூவல் தேதிக்கு முன் எண்ணிக்கையைத் திருத்திவிடுங்கள். மறந்தால் பழைய எண்ணிக்கையே இன்னொரு ஆண்டுக்கு ஓடும். தற்காலிக ஊழியருக்கு மாதச் சந்தா எடுக்கலாம். விலை சுமார் 20 சதவீதம் கூடும். ஆனாலும் 10 மாதத்துக்குக் குறைவாக வேலை செய்பவருக்கு அதுவே லாபம்.

கேள்வி: எங்கள் சர்வரின் பிராசஸரில் 8 கோர் (கணக்கிடும் அலகு) தான். விண்டோஸ் சர்வருக்கு 16 கோர் கொட்டேஷன் வந்திருக்கிறது. ஏமாற்றா? (தக்கலை)

இல்லை. ஒரு சர்வருக்குக் குறைந்தபட்சம் 16 கோருக்கு லைசென்ஸ் வாங்கியே ஆக வேண்டும். பணம் வீணாவது சி.ஏ.எல். என்ற அனுமதி லைசென்ஸில்; சர்வரைப் பயன்படுத்த ஆளுக்கு ஒன்று அல்லது கணினிக்கு ஒன்று என்று இதைத் தனியாக வாங்க வேண்டும். 10 கணினியில் மூன்று ஷிஃப்டாக 30 பேர் மாறி மாறி வேலை செய்தால், ஆள்கணக்கில் 30 வேண்டாம். கணினிக் கணக்கில் 10 போதும். ஒருவரே லேப்டாப், போன் என்று பலவற்றில் நுழைகிறார் என்றால் அவருக்கு மட்டும் ஆள்கணக்கில் வாங்குங்கள்.