சிங்கப்பூரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு ஓய்வுக்கால வீடு: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, செலவுக்கு என்ன வழி?

அப்பா தவறிய பிறகு 74 வயது அம்மா அங் மோ கியோ நாலறை வீட்டில் தனியாக இருக்கிறார். கோயம்புத்தூரில் இருப்பது மாதிரி ஓர் ஓய்வுக்காலக் குடியிருப்பு இங்கே கிடைக்குமா, வீட்டை விற்றால் செலவு கட்டுமா, ஆஸ்திரேலியாவில் இருக்கும் தம்பியோடு எப்படிப் பங்கு போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் அம்மாவுக்காக இதையெல்லாம் நானும் அக்காவும் அலைந்து பார்த்தவர்கள் என்பதால் எழுதுகிறேன்.

வீட்டை விற்கும் பேச்சை இப்போதைக்கு எடுக்காதீர்கள். முதலில் இரண்டு கணக்குகளைத் தனித்தனியாகப் போடுங்கள். அம்மா தங்குவதற்கு ஆகும் செலவு ஒன்று. அவரைக் கவனித்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவு இன்னொன்று. முதலாவது ஒரு தடவை முடிவு செய்தால் பெரிதாக மாறாது. இரண்டாவது இன்று கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, அம்மாவின் முழங்கால் ஓய்ந்துபோகும் நாளிலிருந்து ஏறிக்கொண்டே போகும். வீட்டை விற்ற காசை முதல் கணக்கிலேயே கரைத்துவிட்டு, இரண்டாவதற்குப் பிள்ளைகள் திண்டாடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கோவையில் இருப்பது போல சாப்பாடு, கோயில், மருத்துவர் எல்லாம் ஒரே வளாகத்தில், எந்தக் கட்டத்திலும் அங்கேயே இருக்கலாம் என்ற ஏற்பாடு இங்கே அரிது. அதற்குப் பக்கத்தில் வருவது, அரசாங்க அடுக்குமாடி வீடுகளை விற்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) சமூகப் பராமரிப்பு வீடுகள். முதலாவது 2021இல் புக்கிட் பாத்தோக்கில் விற்பனைக்கு வந்தது, அடுத்தது குவீன்ஸ்டவுனில். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்தான். 32 சதுர மீட்டர் வீடு, சக்கர நாற்காலி போகும் அகலத்தில் கழிப்பறை, கைப்பிடிகள், மாடிதோறும் எல்லாரும் உட்கார்ந்து பேச ஓர் இடம். வீட்டோடு ஓர் அடிப்படைச் சேவைத் தொகுப்பையும் கட்டாயம் எடுக்க வேண்டும். அவசர அழைப்பு, எளிய உடல்நலப் பரிசோதனை, விசாரித்துக்கொள்ள ஒரு நிர்வாகி, இவை அதில் அடங்கும். குளிப்பாட்டிவிட, உடுத்திவிட ஆள் வேண்டுமென்றால் அது தனிச் சேவை, தனிக் காசு. பலர் இதைத் தெரிந்துகொள்ளாமலே விண்ணப்பிக்கிறார்கள்.

இன்னொரு வழி, ஈரறை ஃபிளெக்ஸி எனப்படும் சிறிய வீவக வீட்டைக் குறுகிய குத்தகைக்கு எடுப்பது. 55 வயதிலிருந்தே வாங்கலாம். இரண்டிலுமே குத்தகை அம்மாவின் 95 வயது வரை தாங்க வேண்டும், ஐந்தைந்து வருடமாகத்தான் எடுக்க முடியும். உங்கள் அம்மாவுக்குக் குறைந்தது 25 வருடம் என்று வரும். இரண்டையும் மறுவிற்பனை செய்ய முடியாது, வேண்டாமென்றால் வீவகவிடமே திருப்பித் தர வேண்டும். பழைய வீட்டை முன்கூட்டி விற்க வேண்டியதில்லை என்பது நல்ல விஷயம். புது வீட்டுச் சாவி வாங்கிய ஆறு மாதத்துக்குள் விற்றால் போதும். எங்கள் அம்மா போனது ஈரறை வீட்டுக்குத்தான், யீஷூனில், அக்கா வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில். சாயங்காலம் பேரப்பிள்ளைகள் வந்து போகிறார்கள். எந்தச் சேவைத் தொகுப்பிலும் அது கிடைக்காது.

தனியார் இடங்களும் இருக்கின்றன. மாதம் சில ஆயிரம் வெள்ளி, பெரும்பாலும் அரசாங்க மானியம் கிடையாது. விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். 2014இல் ஜாலான் ஜூரோங் கிச்சிலில் ‘தி ஹில்ஃபோர்ட்’ ஓய்வுக்கால வீடுகள் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 60 வருடக் குத்தகை, ஆனால் வாங்குபவருக்கு வயது வரம்பே இல்லை. ஒரே நாளில் விற்றுத் தீர்ந்தது. பக்கத்து வீட்டுக்கு யார் வருவார் என்பதற்கு அங்கே எந்த உத்தரவாதமும் கிடையாது.

நாங்கள் போய்ப் பார்த்த ஒரு தனியார் இல்லத்தில் வரவேற்பறை ஹோட்டல் மாதிரி இருந்தது. மாதக் கட்டணத்தில் எதெல்லாம் சேராது என்று அக்கா கேட்டதும்தான் பட்டியல் நீண்டது: டயப்பர், மருத்துவமனைக்குத் துணைக்கு வரும் ஆள், பிசியோ, எல்லாமே தனி. நீங்களும் முதலில் அதைக் கேளுங்கள். அடுத்து, இரவு இரண்டு மணிக்கு அந்த மாடியில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். அம்மா விழுந்து நடக்க முடியாமல் போனால் அங்கேயே இருக்கலாமா, காலி செய்ய வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் நம் விஷயங்கள். சைவச் சமையல் தனிப் பாத்திரத்திலா? ஊழியரிலோ பக்கத்து அறையிலோ தமிழ் பேச ஒருவராவது உண்டா? விளக்கேற்ற விடுவார்களா? மறதி நோய் வந்தவர்களுக்குக் கடைசியில் தாய்மொழிதான் மிஞ்சும் என்பார்கள். எங்கள் பெரியம்மாவிடம் அதைக் கண்கூடாகப் பார்த்தேன். தமிழ் தெரிந்த தாதி வரும் நாளில் மட்டும்தான் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

இனி பணம். பேப்பரில் பார்க்கும் விற்பனை விலை அம்மாவின் கைக்கு வரும் தொகை அல்ல. வீட்டுக்காக எடுத்த மத்திய சேமநிதி (சிபிஎஃப்) பணம் வட்டியோடு திரும்பப் போக வேண்டும், அதில் ஒரு பகுதி ஓய்வுக்காலக் கணக்கில் தங்கிவிடும். கையில் ரொக்கமாக எவ்வளவு நிற்கும் என்று வீவகவிலும் சேமநிதிக் கழகத்திலும் கேட்டு எழுதி வாங்குங்கள். சிறிய வீட்டுக்கு மாறினால் சில்வர் ஹவுசிங் போனஸ் என்ற அரசாங்க ஊக்கத்தொகை கிடைக்கலாம். அம்மாவுக்கு இடம் மாறவே மனமில்லையா? லீஸ் பைபேக் இருக்கிறது. மிச்சக் குத்தகையின் பின்பகுதியை வீவகவுக்கே விற்றுவிட்டு அதே வீட்டில் இருக்கலாம், பணம் மாத வருமானமாக வரும். முதியவர்கள் வீட்டைப் பாதுகாப்பாக்கும் ஈஸ் திட்டத்தில் மானிய விலையில் கழிப்பறைக்குக் கைப்பிடி, வழுக்காத தரை போட்டுத் தருவார்கள். தெரிந்த முகங்கள், தெரிந்த ஈரச்சந்தை, பழகிய மருந்தகம் எல்லாம் அங் மோ கியோவிலேயே இருக்கும்போது, நடமாடும் நிலையில் உள்ள அம்மாவுக்கு இதுவே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது கணக்குக்கு, அம்மாவின் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான கணக்கு) வழியாக, உடல் இயலாமைக்கான காப்புறுதியான எல்டர்ஷீல்டு அவருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அவர் வயதுக்காரர்கள் பலர் 2002இல் தாமாகவே சேர்க்கப்பட்டவர்கள். குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிப்பறை போதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றைத் தனியாகச் செய்ய முடியாமல் போனால், மாதம் 300 வெள்ளி ஐந்து வருடத்துக்கோ 400 வெள்ளி ஆறு வருடத்துக்கோ வரும். போதாதுதான், ஆனால் விட்டுவிடக் கூடாத பணம். பணிப்பெண் வைத்தால், வீட்டில் 67 வயதைத் தாண்டியவர் இருப்பதால் அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை மாதம் 300க்குப் பதில் 60 வெள்ளிதான். தாதிமை இல்லம் என்ற நிலை வந்தால் ஏஐசி எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் வழியாகப் போங்கள். குடும்பத்தின் தலா வருமானத்தைப் பார்த்து மானியம் தருவார்கள்.

அம்மாவுக்கு சேமநிதியிலிருந்து மாதாமாதம் வருவது பழைய திட்டத்தில் என்றால், கணக்கில் இருப்பது தீர்ந்ததும் நின்றுவிடும். ஆயுள் முழுக்க வரும் சிபிஎஃப் லைஃபுக்கு 80 வயதுக்குள் மாறிக்கொள்ளலாம். நீங்கள் அவர் கணக்கை ரொக்கமாக நிரப்பினால் வருடம் 8,000 வெள்ளி வரை வரிச்சலுகை உண்டு. ஆனால் போட்ட பணத்தை அவசரத்துக்கு மொத்தமாக எடுக்க முடியாது, அதனால் கையிருப்பு முழுவதையும் அதில் போடாதீர்கள்.

கோவைக்கே அனுப்பலாமா என்றும் யோசிப்பீர்கள். அங்கே செலவு குறைவு, பேச்சுத்துணை அதிகம், ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கான நீண்டகால அனுமதி அட்டை) இருந்தால் தங்குவதும் சிரமமில்லை. ஆனால் அங்குள்ள மருத்துவமனையில் மெடிஷீல்டு லைஃப் மருத்துவக் காப்புறுதி கைகொடுக்காது, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பையும் எடுக்க முடியாது. ஒரு பெரிய அறுவை சிகிச்சை வந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

தம்பியோடு பேசும்போது இன்றைய செலவை மட்டும் பிரிக்காமல், அம்மா படுத்துவிட்டால் யார் எவ்வளவு, யார் லீவு போடுவது என்பதையும் இப்போதே பேசி ஒரு மின்னஞ்சலாகவாவது எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் செலவழிக்கும் நேரத்துக்கும் ஒரு மதிப்பு வைக்க வேண்டும். அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அம்மா தெளிவாக இருக்கும்போதே எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். அவர் நினைவு தடுமாறிய பிறகு அவர் பெயரில் உள்ள வீட்டை விற்கவோ வங்கிப் பணத்தை எடுக்கவோ பிள்ளை என்ற உறவு மட்டும் போதாது, நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். காசும் மாதங்களும் அதில் வீணாகும். சான்றளிக்க வருபவர் அம்மாவிடம் தனியாகப் பேசுவார், அதனால் யாரை நியமிப்பது என்று அம்மாவே முடிவு செய்யட்டும். வீவக அலுவலகத்துக்குப் போகும்போதும் அவரை உட்காரவைத்து, அதிகாரியிடம் தமிழில் விளக்கக் கேளுங்கள். முடியாவிட்டால் நீங்களே வரிக்கு வரி சொல்லிக்கொண்டு போங்கள்.