களிமண்ணும் குளிரும்தான் காரணமா? ஒரே குளிர்காலத்தில் கெட்டுப்போன ட்ரைவ்வேயும் உங்கள் உரிமையும்

கேள்வி: எங்கள் வீடு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், பிரம்டனில். சென்ற ஒக்டோபர் கடைசியில் ட்ரைவ்வேயும் முன்படிகளும் கொங்கிறீற் போட்டோம். ஒப்பந்தக்காரர் வீட்டுக்கே வந்து, சமையலறை மேசையில் வைத்து ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். மொத்தம் 18,500 டொலர். அதில் 15,000 கொடுத்துவிட்டோம். பெப்ரவரியில் கராஜ் வாசலை ஒட்டிய ஸ்லாப் 3 சென்ரிமீற்றர் அளவுக்கு மேலே எழுந்து கதவில் முட்டியது. நடுவில் குறுக்காக ஒரு வெடிப்பு. தெருப்பக்கம் மேற்பரப்பு செதில் செதிலாக உரிகிறது. கேட்டால், "இது களிமண் நிலம், குளிர் வந்தால் இப்படித்தான், நீங்கள் உப்பும் போட்டிருக்கிறீர்கள்" என்கிறார். தாளில் "வெடிப்புகளுக்குப் பொறுப்பில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. வேறொருவர் முழுவதையும் உடைத்துப் போட 24,000 கேட்கிறார். மிச்சம் 3,500 டொலரைக் கொடுக்க வேண்டுமா? வழக்குப் போட முடியுமா?

பதில்: வழக்குப் போடலாம். 3,500 டொலரை இப்போது கொடுக்க வேண்டாம். ஆனால் அந்த ஸ்லாப்பை உடைக்க இன்னும் எவரையும் விடாதீர்கள். உங்கள் முதன்மைச் சாட்சி அதுதான்.

ஒப்பந்தக்காரர் சொன்ன காரணம் பாதி உண்மை. களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். குளிர் இறங்கும்போது கீழிருந்து ஈரத்தை மேலே இழுத்து, ஸ்லாப்புக்கு அடியில் பனிக்கட்டி அடுக்குகளாகத் திரண்டு அதைத் தூக்கும். இந்த இயற்கையை மறுத்து வாதாட வேண்டாம், அது உங்களுக்குத்தான் சாதகம். ரொறொன்ரோ வட்டாரத்தில் உறைபனி ஏறக்குறைய 1.2 மீற்றர் இறங்கும் என்று கணக்கிட்டே அத்திவாரம் வெட்டுகிறார்கள். களிமண்ணில் அத்திவாரம் 1.2 மீற்றருக்குக் குறையக்கூடாது என்பது ஒன்ராறியோ கட்டட விதிக்கோவையிலேயே இருக்கிறது. ஆகவே களிமண்ணும் குளிரும் எவரும் எதிர்பாராமல் வந்தவை அல்ல. நிலத்தைப் பார்த்து விலை சொன்னவர், அந்த நிலத்துக்கு ஏற்ற வேலையைச் செய்யவே விலை சொன்னார் என்றுதான் நீதிபதி எடுத்துக்கொள்வார்.

சட்டத்தில் இதற்குப் பிடி, ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2002. அதன் 9ஆம் பிரிவின்படி, நுகர்வோருக்குச் செய்யும் சேவை நியாயமாக ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்ற உத்தரவாதம், தாளில் எழுதாவிட்டாலும், ஒப்பந்தத்தில் இருப்பதாகவே கொள்ளப்படும். அதை இல்லாமற் செய்யும் எந்த வரியும் செல்லாது. "வெடிப்புகளுக்குப் பொறுப்பில்லை" என்ற வரிக்கு ஓரளவு மதிப்பு உண்டு: தலைமுடி போன்ற மெல்லிய வெடிப்பு எந்த நல்ல கொங்கிறீற்றிலும் வரும், அதற்கு நட்டஈடு கேட்டு வெல்ல முடியாது. மோசமான வேலைக்கு அதே வரியைக் கேடயமாகப் பிடிக்க அவருக்கு உரிமை இல்லை.

அடுத்து, ஒப்பந்தம் உங்கள் வீட்டில் வைத்து எழுதப்பட்டது என்பது பெரிய விடயம். வழங்குநரின் வியாபார இடத்துக்கு வெளியே எழுதும் 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைச் சட்டம் நேரடி ஒப்பந்தம் என்கிறது. அதில் இரு தரப்பின் பெயர், முகவரி, வேலையின் விபரம், பிரித்த விலை, வேலை தொடங்கி முடியும் திகதி, இரத்துச் செய்யும் உரிமை பற்றிய அறிவித்தல் எல்லாம் இருக்க வேண்டும். சரியான பிரதி கிடைத்தால் 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யலாம். அப்படிப்பட்ட பிரதி கிடைக்காவிட்டால் ஒப்பந்தத் திகதியிலிருந்து ஒரு வருடம்வரை இரத்துச் செய்யலாம். 15 நாட்களுக்குள் அவர் பணத்தைத் திருப்ப வேண்டும். நீங்கள் சொல்லும் ஒரு பக்கத் தாளில் இவை எல்லாம் இருக்கும் என்று நான் நம்பவில்லை. எடுத்துப் பாருங்கள். குறை இருந்தால், ஒப்பந்தத் திகதியிலிருந்து அந்த ஒரு வருடம் தாண்டுமுன் எழுத்தில் இரத்து அறிவித்தல் கொடுங்கள். ஆனால் வேலை செய்து முடித்தபின் முழுப் பணமும் கைக்கு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். உங்களைக் கட்டுப்படுத்தாமல் விடுவது நியாயமற்றது என்று கண்டால், ஒப்பந்தத்தின் ஒரு பகுதிக்கேனும் நீங்கள் கட்டுப்பட்டவர் என்று தீர்ப்புச் சொல்ல 93ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. ஆகவே இரத்தை ஒரு வழியாகவும், தரக்குறைவை இன்னொரு வழியாகவும் ஒரே கோரிக்கையில் வையுங்கள்.

இனி வழக்கின் உயிர்நாடி: சான்று. உங்கள் கடிதத்தில் மூன்று பழுதுகள் இருக்கின்றன. மூன்றுக்கும் காரணம் வேறு, பொறுப்பும் வேறாகலாம். "வேலை சரியில்லை" என்று மூன்றையும் ஒன்றாகக் கட்டிச் சொன்னால், உப்பு என்ற ஒரே பதிலால் மூன்றையும் மழுப்பிவிடுவார்.

முதலாவது, எழுந்த ஸ்லாப். இதற்கும் உப்புக்கும் சம்பந்தமே இல்லை. இது அடித்தளமும் வடிகாலும் பற்றிய பழுது. மேல்மண்ணை அகற்றி, 150 முதல் 200 மில்லிமீற்றர் நொறுக்கிய கல்லை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கி, வீட்டிலிருந்து தெருப்பக்கம் மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் சரிவு கொடுத்திருந்தால், ஸ்லாப்புக்கு அடியில் இவ்வளவு தண்ணீர் தங்க வாய்ப்புக் குறைவு. ஓரத்தில் மண்வெட்டியால் 40 சென்ரிமீற்றர் குழி தோண்டிப் பாருங்கள். ஸ்லாப்புக்குக் கீழே கல் எத்தனை விரல், உடனே களிமண்ணா, கல்லோடு கறுப்பு மேல்மண் கலந்திருக்கிறதா என்று அளவுநாடாவைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுங்கள். கூரைப் பீலியின் குழாய் எங்கே தண்ணீர் விடுகிறது என்பதையும் பாருங்கள். அது கராஜ் மூலையில் ஸ்லாப் ஓரத்தில் விழுகிறது என்றால், அவர் தரப்பு அதைத்தான் முதலில் கேட்கும். குழாயை இன்றே நீட்டி வெளியே விடுங்கள். மாற்றுமுன் ஒரு படம் எடுத்து வையுங்கள். இருந்ததை மறைத்தால் மற்றச் சான்றுகளின் மதிப்பும் போய்விடும்.

இன்னொன்று: உறைந்து எழுந்த ஸ்லாப் வசந்தத்தில் பெரும்பாலும் திரும்ப இறங்கும். ஜூனில் வந்து பார்க்கும் நிபுணருக்கு 3 சென்ரிமீற்றர் தெரியாது. பெப்ரவரியில் கதவில் முட்டிய படம், வாட்ஸ்அப் செய்தி, கதவு திருத்திய பற்றுச்சீட்டு எதுவானாலும் திகதியோடு எடுத்து வையுங்கள். இப்போது கராஜ் கதவுச் சட்டத்தில் ஒரு நிலையான புள்ளியைக் குறித்து, அங்கிருந்து ஸ்லாப்பின் நான்கு மூலைகளுக்கும் உயர வித்தியாசத்தை அளந்து எழுதுங்கள். அதே புள்ளிகளை வரும் ஜனவரியிலும் அளந்தால், எழுவதும் இறங்குவதும் எண்களாகவே நிற்கும்.

இரண்டாவது, குறுக்கு வெடிப்பு. 125 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஸ்லாப்பில் வெடிப்பு கண்டபடி ஓடாமல் தன் கோட்டிலேயே வரச் செய்ய, 3 முதல் 3.75 மீற்றருக்கு ஒரு வெட்டு, தடிப்பின் காற்பங்கு ஆழத்தில், கொங்கிறீற் இறுகத் தொடங்கிய முதல் நாளுக்குள் விழ வேண்டும். கராஜ் சுவரோடும் படிகளோடும் ஸ்லாப் ஒட்டாமல் இடையில் மென்பலகை வைக்க வேண்டும். அத்திவாரத்தில் நிற்கும் படி அசையாது, ஸ்லாப் அசையும். இரண்டையும் சேர்த்துப் பிணைத்தால் எங்காவது வெடித்தே ஆகும். வெட்டுகளின் இடைவெளியையும் ஆழத்தையும் அளந்து எழுதுங்கள்.

மூன்றாவது, உரியும் மேற்பரப்பு. இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். வெளித்தளங்களுக்குக் கட்டட விதிக்கோவை சொல்லும் வலிமை 32 மெகாபாஸ்கல். நீர்-சிமெந்து விகிதம் 0.45 ஐத் தாண்டக்கூடாது. உறைந்து உருகுவதைத் தாங்க 5 முதல் 8 வீதம் நுண்ணிய காற்றுக்குமிழி சேர்த்த கலவையும் வேண்டும். லொறியில் நின்றபடியே தண்ணீர் ஊற்றி இளக்கியிருந்தாலோ, மேலே ஈரம் மிதக்கும்போதே தேய்த்து மூடியிருந்தாலோ, ஒக்டோபர் இரவுகளில் 5 பாகைக்குக் கீழே போனபோது போர்வை போடாமல் விட்டிருந்தாலோ மேல்தோல் பலவீனப்படும். அதேவேளை புதுக் கொங்கிறீற்றுக்கு முதல் குளிர்காலத்தில் உப்பு போடக்கூடாது என்பதும் உண்மை. அதை அவர் எழுத்தில் சொல்லியிருந்தால், இந்தப் பகுதியின் நட்டஈடு குறையலாம். சொல்லவில்லை என்றால், சொல்லாததே அவர் குறை. நகரசபை வண்டி தெருவில் போடும் உப்பு காரோடு உள்ளே வருவதும் அவருக்குத் தெரிந்த சங்கதி. உரிதல் தெருப்பக்கம் மட்டுமா, நீங்கள் உப்பே போடாத மூலையிலும் உண்டா என்று பாருங்கள். அந்த ஒரு படம் மணிக்கணக்கான வாதத்தை மிச்சப்படுத்தும்.

எல்லாவற்றையும்விட மலிவான சான்று லொறிச் சீட்டு. ஒவ்வொரு கொங்கிறீற் லொறியோடும் ஒரு சீட்டு வரும்: கலவையின் வலிமை, காற்று, ஏற்றிய நேரம், எத்தனை கனமீற்றர், இடத்தில் சேர்த்த தண்ணீர். ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் ட்ரைவ்வே 6 மீற்றர் அகலம், 10 மீற்றர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். 125 மில்லிமீற்றர் தடிப்புக்கு 7.5 கனமீற்றர் வந்திருக்க வேண்டும். சீட்டுகளைக் கூட்டினால் 5.5 தான் என்றால், சராசரித் தடிப்பு 92 மில்லிமீற்றர். அங்கே வாதமே தேவையில்லை. சீட்டைத் தர மறுத்தால் அந்த மறுப்பும் கோப்பில் சேரட்டும்.

பிறகு ஒரு கட்டமைப்புப் பொறியியலாளரை அல்லது கொங்கிறீற் பரிசோதனைக்கூடத்தை வைத்து மூன்று இடங்களில் 100 மில்லிமீற்றர் விட்டத்தில் கோர் (துளைத்தெடுக்கும் உருளை மாதிரி) எடுங்கள்: எழுந்த இடம், உரிந்த இடம், நன்றாக இருக்கும் இடம். தடிப்பு, வலிமை, காற்றுக்குமிழி மூன்றும் தெரியவரும். அந்தத் துளை வழியாகக் கீழே உள்ள கல்லின் ஆழமும் தெரியும். எடுக்குமுன் ஒப்பந்தக்காரருக்குப் பதிவுத்தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். நீளம் வேண்டாம். "இன்ன திகதியில் நீங்கள் செய்த வேலையில் இந்த மூன்று பழுதுகள் உள்ளன. இன்ன நாள் காலை 10 மணிக்குப் பொறியியலாளர் மாதிரி எடுப்பார். நீங்களோ உங்கள் நிபுணரோ வந்து பார்க்கலாம். திருத்துவதானால் 14 நாட்களுக்குள் எழுத்தில் திட்டம் தாருங்கள். அதுவரை மிகுதி 3,500 டொலர் பழுதுகளுக்கு எதிராக நிறுத்தி வைக்கப்படுகிறது." இவ்வளவு போதும். திட்டு, மிரட்டல், முகநூலில் போடுவேன் என்ற வரி எதுவும் வேண்டாம். இந்தக் கடிதத்தை நீதிபதி வாசிப்பார்.

அவர் திருத்த வருகிறேன் என்றால் நல்லது. நியாயமான வாய்ப்பைக் கொடுக்காமல் விட்டால் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். ஆனால் எழுந்த விளிம்பைத் தேய்த்துவிடுவதும், மேலே மெல்லிய பூச்சுப் பூசுவதும் திருத்தமல்ல. அடியில் கல் இல்லாவிட்டால் அடுத்த பெப்ரவரியில் அதே இடம் எழும். "இத்துடன் எல்லாக் கோரிக்கையும் முடிந்தது" என்ற விடுவிப்புத் தாளில் அதற்காகக் கையெழுத்து வைக்காதீர்கள்.

3,500 டொலரைப் பற்றி. கட்டுமானச் சட்டப்படி வேலை முடிந்து 60 நாட்களுக்குள் வீட்டின் மேல் லீன் (வராத கூலிக்காகச் சொத்தின் மேல் பதியும் பிடியுரிமை) பதியாவிட்டால் அந்த உரிமை காலாவதியாகும். ஒக்டோபரில் முடிந்த வேலைக்கு அந்தக் காலம் போய்விட்டது. அவர் பணத்துக்கு வழக்குப் போடலாம். அதற்கு உங்கள் பழுதுக் கணக்கு எதிர்க்கணக்காக நிற்கும்.

நீங்கள் கேட்கும் தொகை 24,000 அல்ல. அதிலிருந்து கொடுக்காத 3,500 கழிந்து 20,500. அதோடு நிபுணர் கட்டணத்தையும் கேட்கலாம். புது விலைக்கோரலில் முந்திய தாளில் இல்லாத அலங்கார ஓரம், அகலிப்பு போன்றவை இருந்தால் அவற்றை நீக்கி இன்னொரு கோரல் வாங்குங்கள். சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தின் எல்லை 2025 ஒக்டோபர் 1 முதல் 50,000 டொலர். ஆகவே உங்கள் வழக்கு அங்கேயே அடங்கும், பராலீகல் எனப்படும் சட்ட உதவியாளரை வைத்தும் நடத்தலாம். பதிவு செய்யுமுன் ஒன்ராறியோ வர்த்தகப் பதிவேட்டில் அவருடைய நிறுவனத்தின் சரியான சட்டப் பெயரைத் தேடுங்கள். லொறியில் எழுதியிருக்கும் பெயர் மீது வாங்கிய தீர்ப்பைப் பிறகு எவரிடமும் வசூலிக்க முடியாமல் போகும். கோரிக்கை கையளித்தபின் எதிர்வாதத்துக்கு 20 நாட்கள். அதன்பின் சமரசக் கூட்டம். நிபுணர் அறிக்கை விசாரணைக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் எதிர்த்தரப்பின் கைக்குப் போயிருக்க வேண்டும்.

காலவரையறைச் சட்டம் 2002 தரும் அடிப்படைக் காலம், பழுதை அறிந்த நாளிலிருந்து 2 வருடங்கள். உங்களுக்கு அது பெப்ரவரியில் கதவு முட்டிய நாள். "கோடை வரட்டும், பார்ப்போம்" என்று அவர் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருப்பதால் அந்தக் கணக்கு நிற்கும் என்று நம்பியிருக்காதீர்கள். நிறுத்துவதானால் இருவரும் உடன்பட வேண்டும், அதை எழுத்தில் வைப்பதே பாதுகாப்பு.