டார்ச் வெளிச்சத்தைப் படம் பிடித்து ஒப்பிடுவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: சார், ஒரு டார்ச்சின் ஒளி அளவு 300 லூமன், இன்னொன்றுக்கு 1000 லூமன். மொபைலில் படம் எடுத்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. 1000 என்று போட்டு ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: டார்ச் மேல் பழி போடும் முன் கேமராவைக் கவனியுங்கள். ஆட்டோவில் விட்டால், வெளிச்சம் அதிகமானால் அதுவே ஷட்டர் நேரத்தைக் குறைக்கும், குறைந்தால் ஐஎஸ்ஓவை (ஒளிக்கு கேமரா காட்டும் உணர்திறன்) ஏற்றும். நீங்கள் தேடுகிற வித்தியாசத்தை அங்கேயே துடைத்துவிடுகிறது. மேனுவலுக்குப் போய் ஐஎஸ்ஓ, ஷட்டர், வைட் பேலன்ஸ் (எதை வெள்ளையாகக் கொள்வது என்ற அமைப்பு), ஃபோகஸ் எல்லாவற்றையும் மாறாமல் வைத்துவிடுங்கள். எச்டிஆர், நைட் மோடு இரண்டும் வேண்டாம். முதலில் பெரிய டார்ச்சை அடித்து, நடுப்புள்ளி வெறும் வெள்ளையாக வெளுத்துப்போகாத அளவுக்கு எக்ஸ்போஷரை இறக்குங்கள். அதே அமைப்பில் சின்னதையும் எடுங்கள்.

அப்போதும் மூன்று மடங்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு மடங்கு பிரகாசம் என்று கண் ஒப்புக்கொள்ள, ஒளி ஏறக்குறைய நான்கு மடங்கு வேண்டும்.

கேள்வி: வெளியே இருட்டில் எடுக்க என்ன செட்டிங் வைக்கலாம், அண்ணா?

பதில்: ஐஎஸ்ஓ 400, லென்ஸ் திறப்பு எஃப் 4, ஷட்டர் 2 நொடி. அங்கிருந்து ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள். ட்ரைபாட் கட்டாயம். ஒப்பிடும் படங்கள் எல்லாவற்றுக்கும் அதே எண்கள் இருந்தால் போதும், எந்த எண் என்பது பெரிய விஷயமில்லை.

கேள்வி: லூமன் குறைந்த டார்ச்தான் தூரத்து மரத்தைப் பளிச்சென்று காட்டுகிறது. இது எப்படி?

பதில்: லூமன் என்பது வெளிவரும் மொத்த ஒளி. அது ஒரு திசையில் எவ்வளவு குவிகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. ஆழமான ரிஃப்ளெக்டரும் சின்ன எல்இடியும் சேர்ந்தால் குறைந்த லூமனிலேயே கேண்டெலா எகிறும். பெட்டியில் போடும் வீச்சுத் தூரம், ஆன்சி எஃப்எல்1 என்ற டார்ச் அளவீட்டுத் தரப்படி, ஒளி 0.25 லக்ஸாக (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு) குறையும் இடம்; தெளிந்த வானத்தில் முழுநிலா தரும் வெளிச்சம் அளவு. 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர், 40,000க்கு 400 மீட்டர். தூரம் இரட்டிக்க நான்கு மடங்கு கேண்டெலா! அதனால் வெறும் சுவர்ப் படத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். தூரத்துப் பொருள் மேல் அடித்தும் ஒன்று எடுங்கள்.

கேள்வி: என் டார்ச் படத்தில் பச்சையாக விழுகிறது, நேரில் வெள்ளையாகத்தான் இருக்கிறது. எது நிஜம்?

பதில்: இரண்டையும் அப்படியே நம்ப முடியாது. கண் சில நிமிடத்தில் எந்த ஒளியையும் வெள்ளை என்று ஏற்றுக்கொள்ளும். கேமராவின் ஆட்டோ வைட் பேலன்ஸும் அதே வேலையைச் செய்யும், ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் வேறுவேறு விதமாக. அதை 5000 கெல்வினில் நிறுத்துங்கள்.

இங்கே பலர் குழம்புவார்கள். 3000 மஞ்சள், 6500 நீலம் என்று போவது நிறவெப்பநிலை. டின்ட் அதற்குக் குறுக்கே போகும் வேறொரு அச்சு: ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் இளஞ்சிவப்பு. இரண்டு டார்ச்சுமே 5000 கெல்வின் என்று போட்டிருந்தாலும் ஒன்று பச்சையடிக்கலாம், மற்றது ரோஜா நிறமாகத் தெரியலாம். ஒரே எல்இடிகூட குறைந்த மின்னோட்டத்தில் கொஞ்சம் பச்சைப் பக்கம் சாய்வது சகஜம். ஆகவே லோ மோடை லோவோடும் ஹையை ஹையோடும் ஒப்பிடுங்கள்.

எனக்குத் திருப்தியான வழி, இரண்டு டார்ச்சையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வெள்ளைத்தாள் மேல் ஒரே ஃப்ரேமில் எடுப்பது. பெயின்ட் அடித்த சுவர் வேண்டாம், அதன் நிறமும் சேர்ந்துகொள்ளும். படத்தில் எவ்வளவு பச்சை என்பது கேமராவைப் பொறுத்து மாறலாம். எது அதிகப் பச்சை என்பதைப் பெரும்பாலும் சரியாகவே காட்டும்.

கேள்வி: சிஆர்ஐ 90க்கு மேல் என்பது படத்தில் தெரியுமா?

பதில்: வெள்ளைத்தாளில் தெரியாது. சிவப்புத் துணியிலும் உள்ளங்கையிலும் அடித்துப் பாருங்கள். ஒரு ஒளி நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் சிஆர்ஐ எண், எட்டு வெளிர்நிறங்களின் சராசரி. அடர்சிவப்பான ஆர்9 அதில் சேராது. மட்டமான எல்இடி தோலைச் சாம்பல் பூத்த மாதிரி காட்டும்.

கேள்வி: படத்தில் கோடு கோடாக வருகிறதே?

பதில்: அது பிடபிள்யூஎம், அதாவது வெளிச்சத்தைக் குறைக்க டார்ச் வேகமாக அணைந்து எரிகிறது. ஷட்டரை நீட்டினால் கோடு மறையும், டார்ச்சின் குணம் மாறாது.

கேள்வி: டார்ச்சைப் போட்டவுடனே எடுக்கலாமா?

பதில்: 30 நொடி பொறுங்கள். ஆன்சி தரத்திலும் லூமன் அளவீடு அதற்குப் பிறகுதான். சூடேறினால் பல டார்ச்சுகள் தாமாகவே வெளிச்சத்தை இறக்கும் என்பதால் எல்லாவற்றுக்கும் அதே காத்திருப்பு, முழு சார்ஜ் ஏற்றிய பேட்டரி.

கேள்வி: படத்தை அனுப்பினால் எத்தனை லூமன் என்று சொல்வீர்களா?

பதில்: முடியாது. லூமன் தெரிந்த ஒரு டார்ச்சையும் அதே அமைப்பில் எடுத்து அனுப்புங்கள். அதைவிடக் கூடவா குறைவா என்று மட்டும் சொல்கிறேன்.